பன் என்றால் விலை ஏறியிருக்கிறது

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் லாட்ஜ் டைனிங் ஹாலில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். என் லாட்ஜில், என் சம்பளம் வாங்குகிறவர்கள்!

விஷயம் இதுதான். என்னிடம் வேலை செய்கிற ஒன்பது பேருக்கு இங்கிலீஷ் வகுப்பு ஏற்பாடு செய்திருக்கிறேன். டிரைவர், சமையல்காரர், ரூம் கூட்டுகிற அம்மா எல்லோரும் உண்டு. ஏற்காட்டில் வேறு எந்த லாட்ஜ்காரன் இதைச் செய்திருக்கிறான்? ஒருவர் பெயர் சொல்லுங்கள், பத்திரிகையில் இந்தப் பத்தி எழுதுவதையே நிறுத்திவிடுகிறேன். சேலத்திலிருந்து ஒரு டீச்சரம்மா வாரம் ஒருமுறை பஸ்ஸில் வந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறார்.

அன்று போர்டில் நாலு வார்த்தை எழுதியிருந்தார். நாலும் மூன்று மூன்று எழுத்து. நாலும் பி, யு என்று ஆரம்பிக்கிற வார்த்தைகள். பக்கத்திலேயே படமும் போட்டிருந்தார். நான் சும்மா எட்டிப் பார்த்தேன். “சார், நீங்களும் ஒண்ணு படிங்க சார்” என்று மரியாதைக்காகக் கூப்பிட்டு, இரண்டாவது வார்த்தையைத் தொட்டுக் காட்டினார்.

கண் பார்த்தது. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“வெல ஏறியிருக்குது!”

டிரைவர் முருகேசன்தான் ஆரம்பித்தான். “மொதலாளி, பன்னு வெல ஏறி நொம்ப நாளாச்சுங்க!”

ஹாலே குலுங்கிற்று.

“சார், அது பன் சார். சாப்பிடற பன்” என்றார் டீச்சரம்மா, பதமாக.

எனக்குத் தெரியாதா? பன்னை டீயில் தோய்த்துத் தின்றே ஆளானவன் நான். ஆனால் அந்த மூன்று எழுத்தைப் பார்த்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பன் இல்லை. அடுத்த வார்த்தையையும் காட்டினார். ‘பட்’. “கையக் கட்டிக்கிட்டு உக்காரு” என்றேன். அதற்கடுத்தது ‘பக்’. “இன்னிக்கு மண்டி இல்ல” என்றேன்.

டீச்சரம்மா சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார்.

“இது எந்த டிக்‌ஷனரி சார்?”

“மாணிக்கம் டிக்‌ஷனரிம்மா. சேலத்துல அச்சாச்சு, செம்மநத்தத்துல வித்துது. மொத்தமே ரெண்டு காப்பிதான்.”

அந்த டிக்‌ஷனரியின் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

என்னை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். மூன்றாம் வகுப்புக்காரன் வாராவாரம் எழுதுகிறான், எம்.ஏ. படித்தவர்கள் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறீர்கள். யார் கெட்டிக்காரன் என்று நீங்களே சொல்லுங்கள்.

லாட்ஜெல்லாம் வருவதற்கு முன்னால் நான் கமலா ஆரஞ்சு வியாபாரி. செம்மநத்தம், மஞ்சக்குட்டை, வாழவந்திப் பக்கம் தோட்டக்காரர்களிடம் கூடைக் கணக்கில் பழம் வாங்கி, மத்தியானம் ஜீப்பில் ஏற்றிச் சேலம் மண்டிக்கு அனுப்புவேன். அங்கே விற்பது என் கூட்டாளி மாணிக்கம். ஐந்தாம் வகுப்பு. என்னைவிட இரண்டு வகுப்பு கூட. அதை ஒருநாளும் எனக்கு மறக்க விடமாட்டான்.

ஆரஞ்சு வியாபாரத்தில் உயிர்நாடி எது? பழம் இல்லை. விலை. விடிகாலை மண்டியில் ஏலம் போகிற விலை மலைமேல் இருக்கிற எனக்கு எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ, அதில்தான் பிழைப்பு. தோட்டக்காரர்களுக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும். ஏறியிருந்தால் நேற்றைய விலைக்கே அள்ளிவிடலாம். இறங்கியிருந்தால் வாங்காமல் இருந்துவிடலாம். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? அந்தக் காலத்தில் எல்லா வியாபாரியும் செய்ததுதான்.

எப்படித் தெரிந்துகொள்வது? போன் பேச ஏற்காட்டுக்குப் போக வேண்டும். பேசினால் போஸ்ட் ஆபீசில் நிற்கிற பத்துப் பேருக்கும் கேட்கும். சீட்டு எழுதி கண்டக்டரிடம் கொடுத்தால் அவர் படிப்பார்.

மாணிக்கம் ஒரு வழி கண்டுபிடித்தான். (யோசனை அவனுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவனை யோசிக்க வைத்தது நான்.) சேலத்திலிருந்து செம்மநத்தத்துக்கு வருகிற முதல் பஸ்ஸின் கூரையில்தான் எங்கள் காலிக் கூடைகள் திரும்பி வரும். கூடை ஏற்றுகிற சாக்கில் மாணிக்கம் பஸ்ஸின் பின்பக்கம் நிற்பான். ஏணிக்குப் பக்கத்தில் சாக்பீஸால் மூன்று எழுத்து கிறுக்கிவிடுவான். அந்த பஸ் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏற்காட்டைத் தாண்டி, செம்மநத்தத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது அதன் முதுகு நேராக டீக்கடைக்குத் திரும்பும். டீக்கடை பெஞ்சில் நான்!

வார்த்தைகள் எங்கிருந்து வந்தன? கிழிந்த இங்கிலீஷ் பாடப்புத்தகத்தின் ஒரே ஒரு தாள், பட்டாணி மடித்துக் கொடுத்தது, அவனிடம் இருந்தது. அதில் இருந்ததெல்லாம் பி, யு வரிசை. “பஸ் மேல பி, யுன்னு இருந்தா எவனுக்குடா சந்தேகம் வரும்? பஸ்ஸுன்னு எவனோ எழுதிப் பழகியிருக்கான்னு போயிருவாங்க” என்றான். மூளை!

‘பஸ்’ என்றால் நேற்றைய விலையே. ‘பன்’ என்றால் ஏற்றம், கிடைப்பதையெல்லாம் வாங்கு. ‘பட்’ என்றால் இறக்கம், கையைக் கட்டிக்கொண்டு உட்கார். ‘பக்’ என்றால் இன்று மண்டியே கிடையாது.

முதல் இரண்டு எழுத்தை நான் பார்ப்பதே இல்லை. கடைசி எழுத்துதான். பாம்பு மாதிரி நெளிந்தால் நேற்றைய விலை. கோணல் ஏணி மாதிரி நின்றால் ஏற்றம். குடை மாதிரி இருந்தால் இறக்கம். அரிவாள் மாதிரி வளைந்தால் லீவு. இவ்வளவுதான் என் இங்கிலீஷ். இந்த நாலு எழுத்தை வைத்துத்தான் முதல் ஜீப் வாங்கினேன்.

இதில் ஒரு வேடிக்கை. ‘பட்’டுக்கு உண்மையான அர்த்தம் போன ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. போர்டில் பஸ்ஸுக்கு பஸ் படம். பன்னுக்கு உப்பலாக ஒரு பன். பக்குக்கு ஆறு காலோடு ஒரு மூட்டைப்பூச்சி. ‘பட்’டுக்கு மட்டும் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

“ஏம்மா, இதுக்கு மட்டும் படம் போடல?”

“அதுக்கு ‘ஆனா’ன்னு அர்த்தம் சார். ‘ஆனா’வை எப்படி சார் வரையறது?”

அன்று ராத்திரி முழுக்க இதுதான் மண்டையைக் குடைந்தது. ‘ஆனா’வை எப்படி வரைவது? யோசித்துப் பாருங்கள்... “பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா...” — விலை விழுந்துவிட்டது. “உங்க லாட்ஜ் சுத்தமா இருக்குதுங்க, ஆனா...” — விழுந்துவிட்டது. யார் வாயிலிருந்து ‘ஆனா’ வந்தாலும் அதற்கு முன்னால் சொன்ன சரக்கெல்லாம் பாதி விலைதான். அர்த்தம் தெரியாமலே மாணிக்கம் எவ்வளவு சரியாக வைத்திருக்கிறான்!

சரி, கதைக்கு வருகிறேன்.

மூன்று சீசன் எங்கள் டிக்‌ஷனரி ஒழுங்காக ஓடியது. நாலாவது சீசனில் என்னவோ ஆயிற்று. ‘பன்’ வந்த அன்றெல்லாம் தோட்டக்காரர்கள் பிகு செய்ய ஆரம்பித்தார்கள்.

முதலில் ஆரம்பித்தது சின்னப்பொண்ணு அக்கா. செம்மநத்தத்துக்காரர். ஊட்டுக்காரர் தவறிப்போனபின் எண்பது மரத்தையும் தனியாளாகக் கட்டி மேய்த்தவர். தினமும் காலையில் அவரைக்காய்க் கூடையோடு பஸ்ஸுக்காக டீக்கடைக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். எழுத்து வாசனையே கிடையாது. கைநாட்டு.

ஒருநாள் பஸ் திரும்பியது. கோணல் ஏணி. ஏற்றம்! பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தேன்.

“சின்னப்பொண்ணக்கா, வாங்க வாங்க. இன்னிக்கு நம்ம ஊட்டுப் பழம் எத்தன கூட தேறுமுங்க?”

“இன்னிக்குக் குடுக்கறதா இல்லீங்க.”

“ஏனுங்க்கா?”

“மரத்துலயே இருக்கட்டுமுங்க. நேத்து வெலைக்கு மேல போட்டுக் குடுத்தா எடுத்துக்கோங்க.”

மறுவாரம் இன்னும் மூன்று பேர். அதற்கடுத்த வாரம் டீக்கடையைச் சுற்றி நின்ற அத்தனை பேரும்! ‘பட்’ வந்த நாளிலோ, “இன்னிக்கு எடுத்துக்கோங்களேன், நேத்து வெலைக்கே தர்றமுங்க” என்று அவர்களே கூடையை நீட்டினார்கள். என் ஆயுதத்தை என் மேலேயே திருப்பிவிட்டார்கள்.

மாணிக்கம் மலையேறி வந்துவிட்டான். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே மூஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

“டேய், எங்கடா ஒளறின?”

“நானா? என் நாக்குக்குப் பூட்டு போட்டு வெச்சிருக்கேன்டா.”

“உனக்கா? பூட்டா? புது வேட்டி எடுத்தாலே பத்து ஊருக்குத் தண்டோரா போடறவன் நீ. ‘எங்களுக்குள்ள ஒரு ரகசியம் இருக்குதுங்க’ன்னு எவங்கிட்டயோ பெருமை அடிச்சிருப்ப.”

நெஞ்சில் குத்தியது. ஏனென்றால் அப்படி அடித்திருக்கக் கூடியவன்தான் நான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில், சத்தியமாக, வாயைத் திறக்கவில்லை.

“இந்த மாசத்துக்குள்ள எங்க ஓட்டைன்னு கண்டுபிடி. இல்லீன்னா அடுத்த சீசனுக்கு நான் வேற ஆளப் பாத்துக்கறேன். மலைக்கு ஒருத்தன்தானா இருக்கான்?” என்று சொல்லிவிட்டு, டீ கூடக் குடிக்காமல் அதே பஸ்ஸில் மலையிறங்கிவிட்டான்.

ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாங்கள். அவன் போய்விட்டால் வியாபாரம் படுக்கும். அது பரவாயில்லை, எழுப்பிவிடுவேன். உளறுவாயன் என்ற பெயரோடு அவன் என்னை விட்டுப் போவது? அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

துப்பறிய ஆரம்பித்தேன். முதல் சந்தேகம் கண்டக்டர் மேல். இரண்டு நாள் அவரிடம் பேசாமல் முறைத்தேன். அந்த மனுஷன் பாவம், சில்லறை பாக்கி வைத்துவிட்டோமோ என்று பயந்து நாலணாவை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

அப்புறம் ஒருநாள் நானே ஜீப்பில் சேலத்துக்கு இறங்கினேன்; இரண்டு பேருமாக வார்த்தைகளின் அர்த்தத்தை மாற்றிப் போட்டோம். ‘பட்’ ஏற்றம், ‘பன்’ இறக்கம். என்ன நடந்தது தெரியுமா? ‘பட்’ வந்த முதல் நாளே சின்னப்பொண்ணு அக்கா, “இன்னிக்குக் குடுக்கறதா இல்லீங்க!”

எப்படி? ராத்திரி மாற்றின அர்த்தம் காலையில் எப்படித் தெரியும்? எனக்கும் மாணிக்கத்துக்கும் தவிர இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாதே!

கடைசியாக ஒரு சோதனை வைத்தோம். இது என் யோசனை. முழுக்க முழுக்க என்னுடையது. பஸ் மேல் எழுதுவது சும்மா கண்கட்டு. நிஜமான சேதி கூரையில் இருக்கிற காலிக் கூடைக் கட்டின்மேல். கட்டுக் கயிற்றில் சிவப்புத் துணி முடிந்திருந்தால் ஏற்றம்; இல்லாவிட்டால் இல்லை. பஸ்ஸை எவன் படித்தாலும் ஏமாந்து போவான் அல்லவா?

அன்று பஸ் திரும்பியது. முதுகில் பெரிதாக ‘பன்’. மாற்றின கணக்குப்படி இறக்கம். கூரையில் சிவப்புத் துணி. நிஜத்தில் ஏற்றம். நான் ஓரக்கண்ணால் துணியைப் பார்த்துக்கொண்டு எழுந்தேன். “சின்னப்பொண்ணக்கா, வாங்க...”

அவர் அவரைக்காயைக் கிள்ளிக்கொண்டே சொன்னார். “இன்னிக்குக் குடுக்கறதா இல்லீங்க.”

பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். எழுத்தையும் படிக்கவில்லை, துணியையும் பார்க்கவில்லை. பஸ் இருந்த திசைக்கே இந்த அம்மா முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருக்கிறார்!

கௌரவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் போனேன். தரையில் அவருக்கு நேராகக் குந்திக்கொண்டேன்.

“அக்கா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லோணும். சேலத்துல வெல ஏறுனது உங்களுக்கு எப்பிடித் தெரியுது? யாரு சொல்றா?”

“நீங்கதானுங்க சொல்றீங்க.”

“நானா! எப்ப?”

“தெனமுந்தான்.” அவர் சிரிக்கவே இல்லை. “வெல எறங்குன அன்னிக்கி நான் இங்க இருக்கறதே உங்க கண்ணுக்குத் தெரியாதுங்க. டீய ஊதி ஊதி, அடி வண்டல் வரைக்கும் குடிப்பீங்க. படிக்காமயே பேப்பர மடிச்சு மடிச்சுப் பாப்பீங்க. நானா வந்து கேட்டா, ‘என்னக்கா, போயிட்டு அப்பறமா வா’ம்பீங்க. ஏறுன அன்னிக்கி பாதி டீயோட எந்திரிப்பீங்க. ‘அக்கா, வாங்க வாங்க’ம்பீங்க. ‘நம்ம ஊடு’ம்பீங்க. நீங்க எனக்கு ‘ங்க’ போட்டாலே சேலத்துல வெல ஏறிப்போச்சுன்னு அர்த்தமுங்க.”

பெஞ்சில் நான் வைத்துவிட்டு வந்த பாதி டீயைத் திரும்பிப் பார்த்தேன்.

“மூணு வருசம் எங்கிட்ட நேத்து வெலைக்கே அள்ளிக்கிட்டுப் போனீங்க. மொத வருசம், நொம்ப நல்ல பையன், எம்மேல மருவாதியா இருக்கறான்னு நெனச்சேனுங்க. அடுத்த வருசந்தான், இவன் எந்தெந்த நாள்ல நல்லவனா இருக்கறான்னு பாக்க ஆரம்பிச்சேன்.”

“ஊரெல்லாம்...?”

“கேட்டாங்க. சொன்னேன்.”

மறுநாளே சேலத்துக்கு இறங்கி மாணிக்கத்திடம் ஒப்பித்தேன். வேறு யாராக இருந்தாலும் கண்டக்டர் மேல் பழியைப் போட்டுத் தப்பித்திருப்பான். நான் சொன்னேன். மூடி மறைக்காமல் சொன்னேன். அவன் மண்டி மூட்டை மேல் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தான்.

“அட கூறுகெட்டவனே! அப்ப நான் எதுக்குடா தெனமும் பஸ் முதுகுல எழுதிக்கிட்டுக் கெடக்கறேன்? உன் மூஞ்சியிலயே எழுதியிருந்தா சாக்பீஸாவது மிச்சமாயிருக்குமே!”

கூட்டு பிழைத்தது. கோபமும் போயிற்று. ஆனால் ஓட்டை அப்படியேதான் இருந்தது. என் மூஞ்சியை எங்கே கழற்றி வைப்பது?

ஒரே வழிதான் தெரிந்தது. ஏற்றமோ இறக்கமோ, தினமும் ஒரே மாதிரி இருந்துவிட்டால்? தினமும் பாதி டீயோடு எழுந்துவிட்டால்? தினமும் எல்லோரையும் “வாங்க” என்றே கூப்பிட்டுவிட்டால்? எவள் கண்டுபிடிக்கிறாள் பார்ப்போம்!

ஆரம்பித்தேன். முதல் வாரம் நாக்கு ஒத்துழைக்கவில்லை. விலை விழுந்த நாளில் ஒருத்தரைப் பார்த்து “வாங்கக்கா, உக்காருங்க, டீ சாப்பிடறீங்களா?” என்று கேட்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? வாயில் மிளகைப் போட்டு மென்ற மாதிரி இருக்கும். ஆனால் நான் எடுத்த காரியத்தை விட்டவனா? பத்து நாளில் பழகிவிட்டது.

சின்னப்பொண்ணு அக்கா குழம்பிப் போனார். ஒருநாள் விட்டு ஒருநாள் என் முகத்தையே உற்று உற்றுப் பார்த்தார். நான் உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தேன். ஜெயித்துவிட்டேன்!

ஒருநாள் காலை. பஸ் வந்து திரும்பியது. நல்ல ஏற்றம். அந்த சீசனிலேயே அப்படி ஓர் ஏற்றம் இல்லை. வழக்கம்போல, “வாங்கக்கா” என்றேன். வந்தார். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார். டீ சொன்னேன். வாங்கிக் குடித்தார்.

“ஏனுங்க, இப்பெல்லாம் தெனமும் ‘வாங்க’தானா?”

“ஆமாங்க்கா.”

“அப்ப இனிமேட்டு வாயத் தொறந்து கேட்டாத்தான் வெல தெரியுமாக்கும்?”

“அப்பிடித்தானுங்க.”

“சரி, கேக்கறேன். சேலத்துல இன்னிக்கு என்ன வெலைங்க?”

நேற்றைய விலை என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதற்காகத்தானே இத்தனை பாடு? மூளை ‘சொல்’ என்கிறது. எதிரே, நான் வாங்கிக் கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு, நான் ‘வாங்க’ என்று கூப்பிட்டு வந்த அம்மா உட்கார்ந்து என்னையே பார்க்கிறார். ஒரு மாதமாக அவர் மரங்களில் எந்த மரத்துக்கு நோய், அவர் மகள் எந்த ஊரில் வாக்கப்பட்டிருக்கிறாள் என்றெல்லாம் வேறு எனக்குத் தெரிந்து தொலைத்துவிட்டது...

உண்மை விலையைச் சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு அவர் எண்பது மரத்துப் பழமும் என் ஜீப்பில்தான் மலையிறங்கியது. அதற்கப்புறம் அந்த அம்மா இருந்தவரைக்கும் வேறு வியாபாரி வாசலை மிதித்ததில்லை. இவனிடம் கேட்டால் சொல்கிறான் என்று மற்றவர்களும் என் பக்கமே வந்துவிட்டார்கள். மாணிக்கம் சாக்பீஸைத் தூக்கிப் போட்டுவிட்டு, விலையையே தமிழில் எழுதிச் சீட்டாகக் கண்டக்டரிடம் கொடுத்தனுப்ப ஆரம்பித்தான்.

இன்றைக்கு மலையில் யாரைக் கேட்டாலும் நான் மரியாதை தெரிந்த மனுஷன் என்பார்கள். நாணயஸ்தன் என்றும் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான், நானே அதை அடிக்கடி எல்லோரிடமும் சொல்கிறேன்.

வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: தினமும் ஒருத்தரை ‘வாங்க’ என்று கூப்பிட்டுப் பழகாதீர்கள் — அப்புறம் ஏமாற்றவே முடியாது!